கடாரமும் கங்காணியும்

ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் பேசினார். நல்ல பேச்சாளர். மேஜையைத் தட்டிப் பேசுகிறவர். "1025-ம் ஆண்டிலே தமிழன் கப்பல் ஏறினான்! கடல் கலங்கிற்று! கடாரம் நடுங்கிற்று!" என்று அவர் முழங்கியபோது மண்டபம் அதிர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அங்கே இருந்தவர் எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அவர் கண்ணில் நீர் துளிர்த்திருந்தது. அவருடைய பாட்டனாரும் கடல் கடந்து போனவர்தான். ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். அந்தப் பாட்டனாரை நினைத்து அவர் ஒரு நாளும் கண் கலங்கியதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னே போன ராஜேந்திரனை நினைத்து அழுதுகொண்டிருந்தார்.

'இதைக் குத்திக் காட்ட உனக்கு என்ன யோக்கியதை?' என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் ஒரு வாரப் பத்திரிகையில் ஐம்பத்திரண்டு வாரம் சோழர் கப்பலை ஓட்டியவன்தான். அந்தக் கப்பலில் ஓர் இளவரசன் இருந்தான். ஓர் ஒற்றன் இருந்தான். மேலாடை காற்றில் பறக்கத் தளத்தில் நின்ற ராஜகுமாரி ஒருத்தி இருந்தாள். துடுப்புப் போடுகிறவன் மட்டும் இல்லை. ஐம்பத்திரண்டு வாரமும் அந்தக் கப்பல் தானாகவே போயிற்று! ஒரு வாசகராவது அதைப் பற்றிக் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் பிறரைத் திட்டுகிற இடங்களில் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் ராயகிரி. மேற்கு மலையின் அடிவாரம். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மலை, குளம், வயல் இவைதாம் எங்கள் உலகம்; மழை பொய்த்தால் மலையும் வெறுங்குளமும். அப்படிப்பட்ட ஊரில், என் சிறு வயதில், ஒரு வீட்டுக்குப் 'பினாங்கு வீடு' என்று பெயர். அது எங்கள் வீடுதான். என் தாத்தாவின் அண்ணன் 1937-ல் கப்பலேறிப் போய் 1953-ல் திரும்பி வந்தவர். வரும்போது ஒரு தகரப் பெட்டி, ஒரு கறுப்புக் குடை, எனாமல் பூசிய ஒரு தூக்குச் சட்டி ஆகியவற்றைக் கொண்டுவந்தார். பினாங்கில் அவர் ஜவுளிக் கடை வைத்திருந்ததாகக் குடும்பத்தில் சொல்லுவார்கள். அந்த ஜவுளிக் கடையை வைத்து எங்கள் வீட்டில் மூன்று கல்யாணங்கள் பேசி முடிக்கப்பட்டன.

அவருக்கு எண்ணெய் தேய்த்து விடுவது பத்து வயதில் எனக்கு விதிக்கப்பட்ட வேலை. வலது தோளில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் காய்த்துப் போயிருக்கும். மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் எப்படி இருக்குமோ, அப்படி. "என்ன தாத்தா இது?" என்று கேட்டேன். பாட்டி குறுக்கிட்டு, "துணி மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ச்சதுடா" என்றாள். முதலாளி ஏன் மூட்டை தூக்குகிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பாட்டி உள்ளே போன பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அரிசி மூட்டைலே. தொங்கானுக்கும் கரைக்கும் நடுவுல ஒத்தப் பலகை. அதுல நடக்கணும். யாருட்டயும் சொல்லிராதே."

நான் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

சில காலம் முன்பு பினாங்குக்குப் போகிற வாய்ப்புக் கிடைத்தது. ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு போனேன். முதல் நாள் முழுவதும் வேன். ஒன்பது இடங்கள் காட்டப்படும் என்று அச்சடித்த காகிதம் கொடுத்தார்கள். ஒன்பதையும் காட்டினார்கள் என்பதை மறுக்க முடியாது. மலையைக் காட்டினார்கள். பாம்புக் கோயிலைக் காட்டினார்கள். பெரிய புத்தர் கோயிலைக் காட்டினார்கள். ஒவ்வோர் இடத்திலும் இறங்கினோம், படம் எடுத்துக்கொண்டோம், ஏறினோம். கண்ணாடிக்கு உள்ளே குளிர்ச்சி. கண்ணாடிக்கு வெளியே ஊர். ஊருக்கும் எங்களுக்கும் ஒரு பேச்சும் நடக்கவில்லை.

சாயங்காலம், சாமான் வாங்குவதற்காக, இந்தியர் கடைவீதியில் முக்கால் மணி நேரம் விட்டார்கள். அங்கே லாரியிலிருந்து ஒரு தமிழர் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற அதிகாரி, நாலும் படித்தவர். அவர் என் காதருகே வந்து, "இவங்களாலதான் ஸார் நம்ம பேரு கெட்டுப்போச்சு. சோழன் வாளோட வந்தான், இவங்க கோவணத்தோட வந்தாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் தோள் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் வேனில் நான் ஏறவில்லை. பினாங்குத் தாத்தா இந்த ஊரில் எதில் போயிருப்பார்? நடந்துதானே போயிருப்பார்! நானும் நடந்தே பார்ப்பது என்று விடியற்காலையில் கிளம்பினேன்.

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி நடக்கிறவனுக்கென்றே அமைந்தது. வீதிகள் நீளமில்லை. கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை உண்டு. அங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் குடை. பல இடங்களில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டிகளும் அதை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் இறங்கி ஏறித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் என்ன? வேனில் போனவனுக்கு எட்டாத பல விஷயங்கள் அந்த அஞ்சடியில் தட்டுப்படும்.

முதலில் கடலோரத்துக் கோட்டைக்குப் போனேன். பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் 1786-ல் இறங்கிய இடம். அவர் முதலில் மரக்கம்பங்களை நட்டு வேலி போட்டார். பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதைச் செங்கல்லாலும் கல்லாலும் எடுத்துக் கட்டினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சற்றுத் தள்ளி வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் மாதாகோயிலும் (1818) கைதிகளின் உழைப்புத்தான். ஆளுகிறவன் பெயர் கோட்டைக்கு. சாமியின் பெயர் கோயிலுக்கு. கைதி சுமந்த செங்கல்லில் பெயர் பொறிக்கும் வழக்கமில்லை.

கைதிகள் என்றதும் திருடர்கள், கொலைகாரர்கள் என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். 1801-ல் பாளையக்காரர்களின் போர் முடிந்தது. மருது சகோதரர்கள் தூக்கில் தொங்கினார்கள். இதுவரை நாம் மேடையில் சொல்லுகிறோம். அதற்குப் பின் நடந்ததைச் சொல்லுகிறோமா? 1802 பிப்ரவரியில், நம் தூத்துக்குடியிலிருந்து, எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில் ஏற்றி இந்தப் பினாங்குக்குத்தான் நாடு கடத்தினார்கள். சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவர் அதில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, மீசை அரும்பாத பிள்ளை, இன்னொருவர்.

வெல்ஷ் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி ஒருவர். சின்ன மருதுவிடமே வேலெறியக் கற்றுக்கொண்டவர். பிறகு அந்த மருதுவையே எதிர்த்துப் போர் செய்தவர். அவர் 1818-ல் பினாங்குக்கு வந்திருந்தபோது, வாடி வதங்கிய ஒரு மனிதர் அவர் எதிரில் வந்து நின்றார். கிழவர் என்று நினைத்து யாரென்று கேட்டால், துரைசாமி! பதினாறு வருஷத்தில் ஒரு பாலகனைக் கிழவனாக்கியிருந்தது இந்தத் தீவு. பகைவனான வெல்ஷ் அதைக் கண்டு மனம் நொந்து தம் புத்தகத்தில் எழுதி வைத்தார். நாம் எழுதினோமா? மருதுவுக்குச் சிலை எடுத்தோம். மருதுவின் மகன் கடலுக்கு அப்பால் என்ன ஆனான் என்று கேட்கவில்லை. தோற்ற பிறகு உயிரோடிருக்கிற வீரனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நமக்குத் தெரிவதில்லை.

கோட்டையிலிருந்து தெற்கே நடந்தேன். ஒரே வீதியை ஒட்டி மாதாகோயில், சீனரின் கருணைத் தேவி கோயில், அதன் பின்புறத்து வீதியில் மகாமாரியம்மன் கோயில், அப்பால் நாகூர் தர்கா, அதற்கும் அப்பால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மாரியம்மன் கோயில் 1833-ல் எழுந்தது. பள்ளிவாசல் 1801-ல் தொடங்கியது. காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் நிறுவியது. 'கெலிங்' என்பது அந்த நாளில் தென்னிந்தியரைக் குறித்த பெயர். கலிங்கம் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இன்று அங்கே அதை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அது வசவு. ஒரு பெயர் எப்படி வசவாகிறது? அந்தப் பெயருக்குரியவர்கள் தலைவராக இருந்த காலம் போய், மூட்டை தூக்குகிறவர்களாக மட்டும் கண்ணில் படத் தொடங்கியபோது ஆகிறது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரரும் ஓய்வு பெற்ற அதிகாரியும் வெட்கப்படுவது எதற்காக என்பது எனக்கு அந்தப் பள்ளிவாசல் வாசலில் விளங்கிற்று. பிறர் வசவை வாங்கி, நாமே நம் பாட்டன்மார்மீது எறிந்துகொண்டிருக்கிறோம்.

மத்தியானம் பசி. சூலியா வீதிப் பக்கம் ஒரு சோற்றுக் கடை. 'நாசி கண்டார்' என்று பலகை. நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் தண்டு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை, நடுவில் காவடித் தண்டு. இப்படிச் சுமந்து தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துத் தொழிலாளர்களுக்குச் சோறு விற்றதில் பிறந்த சாப்பாடு இது. இன்று அந்த நாட்டில் எல்லா இனத்தாரும் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள்.

கல்லாவில் இருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"சங்கரன்கோவில் பக்கம். ராயகிரி."

"அட, சிவகிரிக்குப் பக்கத்திலயா! நமக்குக் கடையநல்லூரு தம்பி. தாத்தா தறிக்காரரு. தறி ஓடலை, கப்பலேறிட்டாரு."

கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட படங்களுக்கு நடுவே, ஒரு மூங்கில் தண்டு மாட்டியிருந்தது. நடுவில் வழவழவென்று தேய்ந்து, கறுத்துப் போயிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "தாத்தா சுமந்தது. அதுதான் இந்தக் கடைக்கு முதலாளி. நாங்க எல்லாம் சம்பளத்துக்கு இருக்கோம்" என்றார்.

"இதை இப்படி எல்லாரும் பார்க்கிறாப்போல மாட்டியிருக்கீங்களே?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறைச்சா பரக்கத்துப் போயிருமே தம்பி" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய ஊரைச் சேர்ந்த குடும்பம். அதே பஞ்சம், அதே கப்பல், அதே துறைமுகம். எங்கள் தாத்தா தூக்கிய மூட்டையை இறக்கிவிட்டு இவர் தாத்தாவிடம்கூட ஒரு நாள் சோறு வாங்கித் தின்றிருக்கலாம். இவர்கள் தண்டைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்கள். நாங்கள் தோளைச் சட்டை போட்டு மூடினோம்.

சாப்பிட்டு எழுந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அஞ்சடியில் ஒதுங்கி நின்றேன். மழை விட்டதும் துறைமுகக் கரைக்கு நடந்தேன். கடலுக்குள் கம்பங்களை நட்டு, பலகை பாவி, அதன்மேல் சீனக் குடும்பங்கள் குலம் குலமாக வீடு கட்டிக்கொண்ட துறைகள் அங்கே இருக்கின்றன. படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களின் சந்ததி. யுனெஸ்கோ 2008-ல் இந்தப் பட்டணத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்தக் கூலிக்காரர்களின் பலகை வீடுகளும் அதற்குள் வந்தன. ஒரு துறையின் பலகைமேல் நடந்து பார்த்தேன். அகலமான பலகைதான், கைப்பிடியும் இருந்தது. வெறுங்கையோடு நடந்தேன். அப்படியும் கீழே தண்ணீரைப் பார்த்ததும் கால் கூசிற்று. முதுகில் அரிசி மூட்டையோடு ஒற்றைப் பலகையில் பதினாலு வருஷம் நடந்தவரை நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்திய இரண்டு வருஷம் அவர் வேறோர் இடத்தில் இருந்தார். பால்மரம் வெட்டப் போனவர் அவர். கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிவிட்டான். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்த பிறகும் கங்காணி முறை நடந்துகொண்டிருந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போட்டதோடு நின்றது. தடைக்கு ஒரு வருஷம் முன்பு போய் மாட்டிக்கொண்டவர் எங்கள் தாத்தா. ராஜுலா என்ற கப்பல் 1926-ல் மிதக்கத் தொடங்கி 1974-ல் உடைக்கப்படும் வரையில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிற்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அவர்களில் பெரும்பாலார் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். சோழர் படையைப் போல எத்தனை மடங்கு தமிழர்கள் அந்த ஒரு கப்பலில் போய் வந்திருப்பார்கள்! ராஜுலாவைப் பற்றி எத்தனை தொடர்கதை எழுதினோம்?

தாத்தா மரம் வெட்டிய தோட்டம் எங்கே இருந்தது தெரியுமா? கெடா மாநிலத்தில். கெடா என்பதுதான் கடாரம். ஆமாம், ராஜேந்திரன் படையனுப்பிய அதே கடாரம். எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் கடாரம் சென்றிருக்கிறார்! அரை வெள்ளிக் கூலிக்குச் சென்றார். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரை யுத்த காலத்தில் ஜப்பானியர் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டாராம். அவர் திரும்பவில்லை. தாத்தா அதற்குள் தோட்டத்தைவிட்டுத் துறைமுகத்துக்கு வந்திருந்ததால் பிழைத்தார். 'கடாரம் கொண்டான்' என்று ஒருவனுக்குப் பட்டம் இருக்கலாமானால், கடாரத்தில் பிழைத்தவனுக்கு ஒரு பட்டம் இருக்கக்கூடாதா?

சாயங்காலம், நடக்கத் தொடங்கிய இடத்துக்கே, கோட்டையை அடுத்த கடற்கரைத் திடலுக்குத் திரும்பினேன். மழை கழுவிய வானம். வடக்கே, கடலுக்கு அப்பால், கெடாவின் ஜெராய் மலை நீலமாகத் தெரிந்தது. சோழர் கப்பல்களுக்கு அடையாளமாக இருந்த மலை என்று என் தொடர்கதையில் நான் இரண்டு பக்கம் வர்ணித்த மலை. அப்போது நான் அதைப் பார்த்ததே இல்லை.

எதிர்க்கட்சி வக்கீலையும் கேட்டுவிடுவோம். "பெருமையைச் சொன்னால்தானே இனம் நிமிரும்? கூலிக் கதையைச் சொல்லி எதற்காகத் தலை குனிய வேண்டும்?" என்பார். நல்லது. அந்தப் பெருமையைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமே. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான். ராஜராஜன் 1006-ல் அதற்கு ஆனைமங்கலத்தைத் தானம் கொடுத்தான். இருபது வருஷத்துக்குள் அவன் மகன் அதே கடாரத்தின்மேல் படையனுப்பினான். யானைகளையும் மணிகள் பதித்த வாயில்களையும் கொண்டுவந்ததாக அவன் மெய்க்கீர்த்தியே சொல்லுகிறது. வாயிலைப் பெயர்த்துக்கொண்டு வந்ததைப் பெருமை என்கிறோம். கோட்டை, கோயில், சாலை, துறைமுகம், தோட்டம் என்று கட்டிக் கொடுத்துவிட்டு வந்ததை வெட்கம் என்கிறோம்! இது எந்த ஊர்க் கணக்கு? ராஜேந்திரன் சாதாரண மனிதன் அல்ல. அவன் கடற்படை சரித்திர அதிசயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படை வந்தது, வென்றது, போயிற்று. பினாங்கில் இன்றும் மாரியம்மனுக்கு மணி அடிக்கிறது என்றால், பள்ளிவாசலில் தமிழ்க் குரல் கேட்கிறது என்றால், அது வாளோடு வந்தவனால் அல்ல.

எழுதவே இல்லை என்று சொன்னால் பாவம் வரும். புதுமைப்பித்தன் 1935-லேயே 'துன்பக்கேணி'யில் நம் திருநெல்வேலிச் சனங்களை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பின்தொடர்ந்து போனார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் வந்தது. பினாங்கின் வீதிகள் அதில் மூச்சு விடுகின்றன. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் தோட்டத்து வாழ்க்கையை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். குறை எழுதியவர்களிடம் இல்லை. நம் வீட்டுப் புத்தக அலமாரியைத் திறந்து பாருங்கள்: குதிரையும் குத்துவிளக்கும் அட்டையில் போட்ட ராஜா கதைகள் எத்தனை, இவை எத்தனை? நாங்கள் எழுதுகிறோம், நீங்கள் வாங்குகிறீர்கள். நீங்கள் வாங்குகிறீர்கள் என்று நாங்கள் எழுதுகிறோம். இந்தக் குற்றத்தில் இரு தரப்பும் சரிபாதி.

ஊருக்குத் திரும்பியதும் ராயகிரிக்குப் போய்ப் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். குடைக் கம்பி மட்டும் மிச்சம். அடியில் சாக்குத் துண்டு ஒன்று, நாலாக மடித்துத் தைத்தது. மூட்டை தூக்கும்போது தோளில் போட்டுக்கொள்வது. "ஜவுளிக் கடைக்காரருடைய ஜவுளி இதுதானா?" என்று அத்தையைக் கேட்டேன். அத்தைக்குக் கோபம். "செத்தவரை ஏன்டா கேவலப்படுத்துதே? பிள்ளைகளுக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா?" என்றாள். அத்தையோடு நான் வாதாடவில்லை. துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது இப்போது என் எழுத்து மேஜைக்கு மேலே, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்கிறார்கள், சொல்லுகிறேன். இருவர் மூவர் தங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருப்பதாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். தாழ்த்த வேண்டாம் என்றேன்.

மேஜையைத் தட்டிப் பேசும் நண்பர் அடுத்த கூட்டத்துக்கு என்னையும் பேச அழைத்திருக்கிறார். தலைப்பு 'கடல் கடந்த தமிழன்'. அவசியம் வருகிறேன் என்று எழுதிவிட்டேன். அந்தச் சாக்குத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகப் போகிறேன்.